உலகக் குடிமகளைப் பெற்றவள்

அந்த வாரம் முழுக்க ரூபினி கடப்பிதழ் செய்துகொண்டிருந்தாள்.

கள்ளப் பாஸ்போர்ட்டோ என்று யாரும் பதற வேண்டாம். ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில், பல்கலைக்கழகத்துக்குப் போகிற சாலையோரம் இருக்கும் நகல் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. மாணவர்களின் ஆய்வேடுகளுக்குக் கறுப்பு அட்டை போட்டு முதுகில் பொன்னெழுத்து அடிப்பதுதான் அங்கே பிழைப்பு. இந்த முறை வந்த உருப்படி வேறு. கருநீல அட்டை, நடுவில் பொன்னிறத்தில் பூமி உருண்டை, உள்ளே எட்டுப் பக்கம். 'இதை வைத்திருப்பவர் இந்தப் பூமியின் குடிமகன். எந்த எல்லைக்கோடும் அவரை அந்நியராக்காது' என்று முதல் பக்கத்தில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் போட்டிருந்தது. உலகக் குடிமக்கள் மன்றம் என்று ஒன்று. அதன் கருத்தரங்குக்கு வருகிறவர்களுக்கு அன்பளிப்பு. நூற்றைம்பது வேண்டும் என்றார்கள். ரூபினி மடித்தாள், ஓரம் வெட்டினாள், முதுகில் இரண்டு ஊசி அடித்தாள், அடுத்ததை எடுத்தாள். கடப்பிதழ் மாதிரி ஒன்றைக் கையில் பிடித்துப் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

அவளுக்கு ஐசி என்கிற அடையாள அட்டையே கிடையாது, அப்புறம் கடப்பிதழுக்கு எங்கே போவது? பெக்கோக் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து இருபத்தொரு வருடமாகிறது. ஜொகூர் மாநிலத்தைத் தாண்டியதில்லை. பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமைக் கட்டத்துக்கு நேரே 'புக்கான் வார்காநெகாரா' என்று அச்சடித்திருக்கிறது. குடிமகள் அல்ல என்று பொருள். சரி, இந்த நாட்டுக் குடிமகள் இல்லை, வேறு எந்த நாட்டுக் குடிமகள் என்று கேட்டால் அதற்கு அந்தக் காகிதத்தில் பதில் இல்லை. வங்கியில் கணக்குத் திறக்க முடியாது. வண்டி லைசென்ஸ் எடுக்க முடியாது. சாலைத் தடுப்பில் போலீஸ் நிறுத்தினால் அந்தப் பத்திரத்தின் நகலை நீட்ட வேண்டும். கடையிலேயே லேமினேட் செய்தது, நன்றாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டு வயதில் கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் ஐசி எடுத்து வந்து ஒருவர் படத்தைப் பார்த்து ஒருவர் சிரித்தபோது அவள் ஓவென்று அழுதாள். பதினைந்தில் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தபோது கொஞ்சம் அழுதாள். அதற்குப் பிறகு வந்த இரண்டு கடிதங்களையும் வாசித்து மடித்து வைத்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தொட்டது தெரியும், வலி தெரியாது. மூன்று கடிதத்திலும் ஒரே வரிதான் இருந்தது, காரணம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வியாழக்கிழமை உருப்படியைப் பார்த்துப் போக மன்றத்தின் தலைவரே வந்தார். பெயர் உலகப்பன். செட்டிநாட்டிலிருந்து வந்த குடும்பம், ஜொகூரில் மூன்றாம் தலைமுறை. வியாபாரத்தைத் தம்பி கையில் விட்டுவிட்டுத் தத்துவம் படித்து, பேராசிரியராகி, ஓய்வும் பெற்றவர். மகன் மெல்பர்னில், மகள் டொரொண்டோவில். அவரும் வருடத்தில் பாதி நாள் விமானத்தில்தான். பெயரே உலகப்பன் என்று வைத்துவிட்டார்கள், மனிதர் உலகத்துக்கு உரிமை கொண்டாடாமல் வேறு என்ன செய்வார்? ஆனால் நல்லவர். அதை இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் போகப்போக அவரைப் பற்றித் தப்பாகத் தோன்றும்.

"அருமையா செஞ்சிருக்கீங்கம்மா," என்று ஒரு கடப்பிதழை எடுத்துத் தடவிப் பார்த்தார். "இது என்னான்னு தெரியுமா?"

"பாஸ்போர்ட் மாதிரி சார்."

"மாதிரி இல்லம்மா. மனுசனுக்கு உண்மையான பாஸ்போர்ட் இதுதான். நாடுங்கறது நாமளா போட்டுக்கிட்ட வேலி. பூமிதான் ஊரு. நீங்களும் ஒரு மெம்பர் ஆயிருங்க, சும்மா." பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்துத் தாமே நிரப்பத் தொடங்கினார். பேரைக் கேட்டார். எழுதினார். "ஐசி நம்பர்?"

உலகக் குடிமகள் ஆவதற்கும் ஐசி எண் வேண்டியிருந்தது. நட்சத்திரக் குறி போட்ட கட்டம், காலியாக விடக் கூடாது.

"ஐசி இல்ல சார்."

"வீட்ல விட்டுட்டு வந்துட்டீங்களா? பரவால்ல, அப்புறமா வாட்சப்ல..."

"எடுக்கவே இல்ல சார். எனக்குக் குடியுரிமை கிடையாது."

உலகப்பன் பேனாவை மூடினார். முகம் சிவந்துவிட்டது. பத்து வருடமாக அந்தப் படிவத்தை அவர்தான் அச்சடித்துக் கொடுத்துவந்தார். ஒரு தடவைகூட அந்தக் கட்டம் அவர் கண்ணில் பட்டதில்லை. படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சனிக்கிழமை கருத்தரங்குல நீங்க வந்து பேசணும்," என்றார். மைக் பிடித்துப் பழக்கமில்லை என்றாள் ரூபினி. "அஞ்சு நிமிசம் போதும்மா," என்று கெஞ்சினார். கல்லாவில் இருந்த கடை முதலாளி, சீனத் தவுக்கே, "போ லா, ஹாஃப் டே எடுத்துக்கோ," என்றார். வேண்டாம் என்று சொல்வதற்கும் கொஞ்சம் உணர்ச்சி வேண்டும். அவளிடம் அது இல்லாததால் சரி என்றாள்.

உலகக் குடிமை என்பதெல்லாம் அவளுக்குப் புதிதில்லை. போன வருடம் அதே பொருளில் ஒரு பெண்ணின் ஆய்வேட்டுக்கு அட்டை போட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஆறு பிரதி. பக்கம் சரிபார்க்கிற சாக்கில் கொஞ்சம் படித்தாள். பழங்காலத்தில் கிரேக்க நாட்டில் ஒரு ஞானி பெரிய தாழிக்குள் குடியிருந்தானாம். உன் ஊர் எது என்று கேட்டதற்கு, நான் உலகத்தின் குடிமகன் என்றானாம். அதற்கு விளக்கமாக நாற்பது பக்கம். அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. அதற்கு முன்னாலேயே அவனுடைய சொந்த ஊர்க்காரர்கள் அவனை ஊரை விட்டுத் துரத்தியிருந்தார்களாம். ரூபினிக்கு அந்த அடிக்குறிப்புதான் புரிந்தது. ஊர் இல்லாதவனிடம் ஊர் எது என்று கேட்டால் பாவம் அவன் வேறு என்ன சொல்லுவான் என்று நினைத்துக்கொண்டு பசை தடவினாள்.

சனிக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. ரூபினி மைக் முன்னால் நின்று, வீட்டில் எழுதி வைத்திருந்ததை வாசித்தாள். பிறந்தது எங்கே, படித்தது எதுவரை, எதெல்லாம் முடியாது. பல்லி விழுந்த பலனை வாசிப்பது மாதிரி வாசித்தாள். பஸ்ஸில் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களைப் பார்ப்பேன், தினமும் எல்லைச் சாவடியில் கட்டைவிரலை வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வருவார்கள், நான் அந்த எல்லைப் பாலத்தில் கால் வைத்ததில்லை என்று முடித்தாள். கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு மாணவன் எழுந்து, "உங்களுக்கு இது எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"எப்படியும் இல்ல," என்றாள்.

உலகப்பன் மைக்கை வாங்கினார். "நாம எல்லாரும் ஆளுக்கொரு நாட்டைப் பையில பத்திரமா வச்சுக்கிட்டு உலகத்துக்கு ஆசைப்படறோம். இந்தப் பொண்ணுக்கு உலகத்தைத் தவிர வேற எதுவும் இல்ல. நம்ம மன்றத்துக்கு உண்மையான முதல் மெம்பர் இவங்கதான்," என்று சொல்லிக் கருநீலக் கடப்பிதழ் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். அவள் படம் ஒட்டி, பெயர் எழுதி, வட்ட முத்திரை குத்தியிருந்தது. ரூபினி தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். முதுகில் இரண்டாவது ஊசி சற்றுக் கோணல். அவள் அடித்ததுதான்.

நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்க வரிசையில் நின்றபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும், கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள். "ஷர்மினி. லாயர். இந்த மாதிரி கேஸ்தான் பாக்கறேன்," என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். ரூபினி பேசும்போது கைதட்டாமல் எழுதிக்கொண்டிருந்தவள் இவள் ஒருத்திதான்.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன். உங்களைப் பெத்தவங்க யாரு?"

"பேப்பர்லயா, வீட்லயா?" என்று கேட்டாள் ரூபினி.

ஷர்மினி வரிசையை விட்டு அவளை வெளியே இழுத்து வந்தாள். "வீட்ல," என்றாள்.

ரூபினி இதுவரை வெளியாள் யாரிடமும் சொல்லாத கதை அது. அவளை வளர்த்த ஐயாசாமி உயிரோடு இருந்தவரை சொன்னால் அவர் ஜெயிலுக்குப் போவார் என்று பயம். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. யாரும் கேட்காததால்தான் சொல்லவில்லை. இப்போது ஒருத்தி கேட்டாள், சொன்னாள். அவள் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி நான் சொல்கிறேன்.

ஐயாசாமிக்கும் புஷ்பவள்ளிக்கும் முதலில் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் வயது ஒன்று முடிவதற்குள் செத்துப்போயின. மூன்றாவதாக ரூபினி, லயத்து வீட்டிலேயே பிறந்தாள். எஸ்டேட் முனியாண்டி கோயில் பூசாரி, பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்தால்தான் தங்கும் என்றார். இது நம் ஜனங்களுக்குப் பழக்கமான காரியம்தான். அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு குப்பம்மாள், நாலு தவிட்டான் இருந்ததெல்லாம் இப்படித்தான். பிள்ளையை முறத்தில் வைத்துக் கோயில் வாசல் குப்பை ஓரம் விட்டார்கள். பக்கத்து வீட்டுச் செல்லம் தற்செயலாக வருகிறவள் போல வந்து, "அட, யாரு பெத்த புள்ளையோ," என்று தூக்கிக்கொண்டாள். புஷ்பவள்ளி ஒரு படி தவிடு கொடுத்து அந்தப் பிள்ளையை அவளிடம் விலைக்கு வாங்கினாள். வேண்டாதது என்று நினைத்து எமன் அந்தப் பக்கம் வரமாட்டான். மூன்று வருடத்துக்குப் பெற்றவள் தன் வாயால் என் பிள்ளை என்று சொல்லக் கூடாது என்பது பூசாரியின் கட்டளை. பேர் குப்பம்மாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு கேடும் இல்லை. ஐயாசாமி எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பிறப்பைப் பதியப் போனபோது தாயின் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு உதறல் எடுத்துவிட்டது. உண்மையை எழுதி, அதை எமன் பார்த்துத் தொலைத்தால்? எமனுக்கு மலாய் வாசிக்கத் தெரியும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. செல்லத்தையே கூட்டிக்கொண்டு போய், தாய் செல்லம் என்று பதிந்துவிட்டார். பிரசவம் பார்த்த கிழவி செல்லத்தின் பெரியம்மா, அவளும் கைநாட்டு வைத்தாள். தகப்பன் கட்டத்தில் கோடு. ஐயாசாமிக்கும் புஷ்பவள்ளிக்கும் குடிமக்களுக்கு உரிய நீல ஐசி இருந்தது, முறையாகப் பதிந்த கல்யாணம். செல்லத்துக்கோ பிறந்ததற்கே சாட்சி கிடையாது, ஐசி என்பதை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தாய்க்கு நாடு இல்லை, ஆகவே பிள்ளைக்கும் இல்லை. எமன் ஏமாந்தான். அரசாங்கமும் ஏமாந்தது. எமன் அதோடு மறந்துவிட்டான், அரசாங்கம் மறக்கவில்லை.

மூன்று வருடம் முடிந்து, சேவல் அறுத்து, பிள்ளையைப் பெற்றவள் வாயால் கூப்பிட்டு எடுத்துக்கொள்ள நாள் குறித்தார்கள். ரூபினி என்று நல்ல பேராக ஒன்றும் பார்த்து வைத்திருந்தார் ஐயாசாமி. அன்று விடியும்போதே பிள்ளைக்கு ஜன்னி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பத்தாம் நாள் பிள்ளை கண் திறந்தது. அதற்குள் புஷ்பவள்ளி தன் பாட்டில் முனியாண்டிக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள், உயிர் உள்ளவரை இவளை என் மகள், என் பிள்ளை என்று வாயால் சொல்ல மாட்டேன், இவளை விட்டுவிடு என்று. அன்றிலிருந்து அவள் அத்தை, அவர் மாமா. கேட்பவர்களுக்கு, செல்லத்தின் மகள், நான் வளர்க்கிறேன். தலை பின்னிவிட்டாள், காய்ச்சலுக்கு ரசம் வைத்தாள், பள்ளிக்கூட வாசலில் மழையில் நின்றாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லை. செல்லமும் பொந்தியானில் அக்கா வீட்டில் செத்து ஆறு வருடம் ஆகிறது.

ஷர்மினி தன் குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அலமாக்," என்றாள். "மூனு தடவை தப்பான கதவைத் தட்டியிருக்கீங்க. நீங்க குடியுரிமை கொடுங்கன்னு கேக்கவே வேணாம். தாய் பேரு தப்புன்னு காட்டணும். டிஎன்ஏ டெஸ்ட் எடுத்து, கோர்ட்ல போட்டு. கண்டிப்பா கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா இது கேஸ். பொய் சொன்னவரு இறந்துட்டாரு, யாரையும் பிடிச்சு உள்ள போட மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "முதல்ல அவங்க சத்தியப் பத்திரம் கொடுக்கணும். இவ நான் பெத்த மகள்னு சொல்லணும்."

"சொல்ல மாட்டாங்க," என்றாள் ரூபினி.

வீட்டுக்குப் போனபோது புஷ்பவள்ளி பிஸ்கட் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ரூபினி பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது கருநீலக் கடப்பிதழ் சாமி மேடையில், முனியாண்டி படத்துக்கு முன்னால் இருந்தது. அட்டையிலிருந்த பூமி உருண்டைக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தாள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"கிடைச்சிருச்சா?" என்றாள் புஷ்பவள்ளி. கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. "ஒரு வார்த்தை சொன்னா என்னா? மாமா போட்டோவுக்கும் காட்டிட்டேன். எதுத்த வீட்டுலயும் சொல்லிட்டேன்."

"அத்தை, அது நெசம் இல்ல."

"படம் ஒட்டி முத்திரை குத்தியிருக்கு!"

"நான்தான் கடையில செஞ்சேன். நூத்தம்பது செஞ்சேன். சும்மா, அன்பளிப்பு."

"அப்ப செல்லாதா?"

"எங்கயும் செல்லாது."

புஷ்பவள்ளி அந்தக் கடப்பிதழை எடுத்தாள். புடவையாக இருந்தால் முந்தானையால் துடைத்திருப்பாள், சீருடைக் கையால் துடைத்தாள். மஞ்சள் போகவில்லை. பிறகு ஷர்மினி சொன்னதை ரூபினி சொன்னாள். சத்தியப் பத்திரம் என்ற இடத்துக்கு வந்ததுமே புஷ்பவள்ளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"என்னால முடியாது. கேக்காத."

"நான் கேக்கல. லாயர் சொன்னதைச் சொன்னேன்."

"ரெண்டு புள்ளைங்களைத் தூக்கிக் கொடுத்தவ நான். ரெண்டையும் வாய் நிறையக் கூப்பிட்டேன். ஐசி இல்லாம இருபத்தொரு வருசம் நீ உசுரோடதான இருக்க? அது போதும் எனக்கு."

"சரி," என்றாள் ரூபினி. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். சண்டை போட்டிருக்கலாம், தட்டை விட்டெறிந்திருக்கலாம். புஷ்பவள்ளிக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும். மனிதர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவுதான் என்று காலையில் உலகப்பன் சார் அத்தனை அழகாகச் சொன்னார். இருக்கலாம். எண்ணூறு கோடிப் பேர் உறவு. இந்தச் சமையலறையில் ஒருத்தி வாய் திறக்க வேண்டும். ரூபினி துணிகளை அடுக்கி அலமாரியில் வைத்தாள். தனக்கு வருத்தமாக இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள், உப்பு, புளி, தண்ணீர் வரவில்லை, இந்த மாதிரி. புஷ்பவள்ளி சாப்பிடும்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் முடியாது என்றபோது ரூபினி 'சரி' என்று சொன்ன விதம் புஷ்பவள்ளியை அரித்துக்கொண்டிருந்தது. உயிர் இருக்கிறது என்று தான் எதைச் சொன்னோம் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்று வருடமாக இந்தப் பெண் சிரித்துப் பார்த்ததில்லை. அழுதும் பார்த்ததில்லை.

புதன்கிழமை காலை, தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்: "அந்த சத்தியப் பேப்பரு எந்த பாஷைல இருக்கும்?"

"மலாய்ல."

"வாயாலயும் மலாய்லதான் சொல்லணுமா?"

"ஆமா. ஏன்?"

புஷ்பவள்ளி தோசையைத் திருப்பிப் போட்டாள். "நான் வாக்கு கொடுத்தது தமிழ்லதான?"

ரூபினி நிமிர்ந்து பார்த்தாள். "முனியாண்டிக்கு மலாய் தெரியாதா அத்தை? அவரும் பெக்கோக்லதான இருக்காரு."

"தெரியும், நல்லாவே தெரியும். ஆனா நான் கொடுத்த வாக்குல 'மக'ன்னு இருக்கு, 'புள்ள'ன்னு இருக்கு. 'அனாக்'னு இல்ல. சாமிக்கு முன்னாடி என்ன சொன்னோமோ அதான் கணக்கு." அடுப்பை அணைத்தாள். "இன்னிக்கு லீவு சொல்லிட்டேன். லாயருக்கு போன் போடு."

சட்டம் படித்தவர்களே கூச்சப்படுகிற ஓட்டை. ஷர்மினி கேட்டுவிட்டு, "ஐயோ, இருக்கட்டும், எப்படிச் சொன்னாலும் சத்தியம் சத்தியம்தான்," என்றாள்.

சத்திய ஆணையரின் அறை ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட தமிழர், மேசை நிறைய முத்திரைகள். ஷர்மினி அச்சடித்து வந்த பத்திரத்தை அவர் மெதுவாக வாசித்தார். புஷ்பவள்ளி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குப் போகிற சேலை கட்டியிருந்தாள். ரூபினி பின்னால் சுவரோரம் நின்றாள். வழக்கம் போல அவளுக்கு ஒன்றும் இல்லை.

ஆணையர் மலாயில் கேட்டார், இவள் உங்கள் 'அனாக் கண்டோங்'தானா, வயிற்றில் பிறந்த பிள்ளைதானா என்று.

"யா," என்றாள் புஷ்பவள்ளி. வாயை நனைத்துக்கொண்டாள். "இனி அனாக் சாயா."

சொல்லிவிட்டாள். ரூபினி காது கொடுத்துக் கேட்டாள். இருபத்தொரு வருடம் கழித்து வந்த வார்த்தை. மலாய்ப் பாடப்புத்தகத்தில் வருகிற வாக்கியம் போல இருந்தது. இது பசு, இது வீடு, இது என் பிள்ளை.

ஆணையர் முத்திரையை எடுத்தார். கையெழுத்துக்கு மேலே இருந்த ஒரு வரியைப் பார்த்து மறுபடியும் கீழே வைத்தார். "அம்மா, உங்களுக்கு மலாய் படிக்கத் தெரியாதுன்னு போட்டிருக்கு. அப்ப தமிழ்ல விளக்கிச் சொல்லி, நீங்களும் தமிழ்ல பதில் சொல்லி, அதை நான் காதால கேட்டேன்னு எழுதணும். விளையாட்டு இல்லைல்ல. சொல்லுங்க, இவங்க நீங்க பெத்த மகளா?"

புஷ்பவள்ளி வாயைத் திறந்தாள். மூடினாள்.

"அனாக் சாயா," என்றாள் சின்னக் குரலில்.

"தமிழ்ல சொல்லுங்கம்மா. இவங்க உங்களுக்கு யாரு?"

ஷர்மினி தலையைக் குனிந்துகொண்டாள். புஷ்பவள்ளியின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, பிடித்த இடத்தில் நகம் வெளுத்துவிட்டது. தலை மட்டும் இப்படியும் அப்படியும் ஆடியது. இல்லை என்றா, முடியாது என்றா, யாருக்கும் புரியவில்லை.

ரூபினிக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, வந்துவிட்டது. காது சுட்டது. ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் செத்தா போய்விடுவேன்? செத்தால்தான் என்ன? பல வருடம் கழித்து அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. மூன்று தடவை விண்ணப்பம் போட்டது ஏதோ அலுவலகத்துக்கு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். அவள் காத்துக்கொண்டிருந்தது இந்தப் பொம்பிளையின் வாய்க்கு முன்னால் என்று இப்போதுதான் தெரிந்தது.

புஷ்பவள்ளியின் முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. பயம். அத்தனையும் இவள் மேல் உள்ள பயம். ரூபினி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாக்குக் கொடுத்தது அத்தைதான். முனியாண்டி வாங்கிக்கொண்டதும் அத்தையின் வாயை மட்டும்தான். தன்னிடம் யாரும் எந்த வாக்கும் கேட்டதில்லை. மூன்று வயதில் அத்தை என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தன் வாயைக் கட்டி வைத்திருந்தது யார்?

"அம்மா," என்றாள் ரூபினி.

"என்னா?" என்று திரும்பினாள் புஷ்பவள்ளி.

திரும்பின பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. கூப்பிட்டால் என்னா என்று கேட்கக் கூடாது என்று முனியாண்டியிடம் அவள் ஒருபோதும் சொன்னதில்லை. ரூபினியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மூக்கிலிருந்தும் ஒழுகியது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "தமிழ்ல கேட்டுட்டேன்," என்று சொல்லி முத்திரையை எடுத்துக் குத்தினார்.

ரூபினி இன்னொரு தடவை அம்மா என்று கூப்பிட்டாள், சொல்வதற்கு விஷயம் எதுவும் இல்லாமல், சும்மா.